கூடத்தில் வந்த உலக சமாதானம்

என் கணவர் உலகத்தில் சமாதானம் கொண்டுவரத் தீர்மானித்தபோது எங்களுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் அவர் சமையலறை ஜன்னலுக்கு ஒரு கொக்கி போடத் தீர்மானித்திருந்தார். உலகம் முந்திக்கொண்டது.

ஐம்பதுகளின் கடைசி அது. ஸ்ரீரங்கத்தில் தெற்கு வாசலுக்கு நாலைந்து தெரு தள்ளி ஒரு நீளமான வீட்டின் பின்பாதியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். முன்பாதியில் அவருடைய அண்ணன் குடும்பம். நடுக்கூடம் இரண்டு பேருக்கும் பொது. என் கணவர் திருச்சியில் ஒரு ஹைஸ்கூலில் பூகோள வாத்தியார். அண்ணன் ரயில்வேயில் கூட்ஸ் ஆபீஸ் கிளார்க். இருவரும் காலையில் ஒரே பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய், சாயங்காலம் ஒரே பஸ்ஸில் திரும்பி வருவார்கள். என் ஓரகத்தியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். மூத்தாரிடம், அதாவது கணவரின் அண்ணனிடம், நான் நேராகப் பேசும் வழக்கமில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அக்காவிடம் சொல்லுவேன், அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாலும்.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு என் கணவர் ஒருமுறை பச்சைமலைக்குப் போய்விட்டு வந்தார். அங்கே ஒரு சரிவில் மரமெல்லாம் வெட்டி எடுத்திருந்தார்களாம். அடுத்த மழைக்கு மண் சரிந்து, கீழே ஒரு அம்மாள் போட்டிருந்த மரவள்ளியை மூடிவிட்டதாம். "அந்தம்மா அழவே இல்ல. கிழங்கு எந்த இடத்துல இருந்துதுன்னு கையால தோண்டிப் பார்த்துக்கிட்டிருந்தாங்க," என்று இரண்டு நாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பேப்பரில் ஏதோ ஒரு பெரிய நாடு நடுக்கடலில் குண்டு வெடித்துப் பார்த்த செய்தி வந்தது. இரண்டையும் சேர்த்து யோசித்ததில் அவருக்கு ஒன்று பிடிபட்டுவிட்டது. மனுஷர்கள் கெட்டவர்கள் இல்லை, அவர்களுக்குப் பயிற்சிதான் போதவில்லை.

"சண்டை போடாம, காட்டை அழிக்காம உலகத்தை நடத்துறது எப்படின்னு யாரும் பழகிப் பார்த்ததே இல்ல," என்றார் என்னிடம். "விளையாட்டாப் பழகிப் பார்த்தா வந்துடும். ஒரு விளையாட்டு கண்டுபிடிக்கப் போறேன்."

"சரிங்க," என்றேன். "கொக்கி?"

"அதுவும் இருக்கு," என்றார்.

பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட பழைய உலகப் படம் ஒன்றை வாங்கி வந்தார். துணியில் ஒட்டிய பெரிய படம். அதில் பாதி உலகம் இன்னும் ஒரே ராஜாவுக்குச் சொந்தமாகச் சிவப்பாக இருந்தது. என் கணவர் ஒரு டப்பா பெயின்டும் பிரஷும் வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் அத்தனை நாடுகளுக்கும் விடுதலை கொடுத்தார். பெயின்ட் நாற்றத்தில் எனக்கு இரண்டு நாள் தலைவலி. அதன் பிறகு விதிகள் எழுத ஆரம்பித்தார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சுத்தப்பிரதி எடுக்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. நாலு நோட்டுப் புத்தகம் நிரம்பியது.

விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர் ஒருநாளும் சுருக்கமாகச் சொன்னதில்லை. புளியங்கொட்டை என்றால் ஜனம். நெல் என்றால் நெல்தான். பச்சை வளையல் துண்டு காடு. மிளகு ராணுவம். ஒவ்வொரு சுற்றிலும் ஜனம் பெருகும், நெல் குறையும். மிளகுக்குச் சாப்பாடு இரட்டிப்பு. காட்டை வெட்டினால் அந்தச் சுற்றில் நெல் நிறைய வரும், ஆனால் இரண்டு சுற்று கழித்து மழை பொய்க்கும். யாராவது ஒருவர் ஜெயிப்பது என்பதே கிடையாது. தொடர்ந்து மூன்று சுற்று எந்த நாட்டிலும் சண்டையும் பசியும் இல்லாமல், காடும் குறையாமல் இருந்தால் எல்லோரும் ஒன்றாக ஜெயித்ததாக அர்த்தம்.

திருவெள்ளறைப் பக்கத்து விவசாயி மகள் என்பதால் என்னிடமும் ஆலோசனை கேட்டார். "ஒரு காட்டை வெட்டினா மழை குறைய எத்தனை வருஷம் ஆகும்?"

"எங்க ஊர்ல யாரும் வெட்டிட்டு உட்கார்ந்து எண்ணிப் பார்க்கலைங்க," என்றேன்.

'இரண்டு சுற்று' என்று எழுதிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் உலகத்தை விரிப்போம். அக்காவின் கைக்குழந்தை தூளியில் தூங்கும் நேரம் அது. மணப்பாறை முறுக்கு ஒரு தட்டில் இருக்கும். என் கணவர் எந்த நாட்டையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் உலக சபையின் தலைவர். அந்தப் பதவிக்கு வேறு யாரும் போட்டியிடவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு பதவி இருப்பதே அவர் உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அண்ணனுக்கு மலையும் நதியும் உள்ள செழிப்பான நாடு. அக்காவுக்கு எண்ணெய்க் கிணறுகள் உள்ள நாடு. "நல்லெண்ணெய்யா, மண்ணெண்ணெய்யா?" என்று அக்கா கேட்டாள். அது விதியில் இல்லை என்று தலைவர் சொல்லிவிட்டார். எனக்குப் பாலைவனம்.

"எனக்கு ஏங்க பாலைவனம்?"

"யாராவது ஒருத்தர் எடுத்துக்கணுமில்ல. நீ சிக்கனமா நடத்துவ."

நாட்டை ஆளும் பொறுப்பு வந்தும் புகழ்ச்சி அதே வீட்டுப் புகழ்ச்சிதான்.

முதல் சில வாரம் நன்றாகவே போயிற்று. ஒருநாள் சமையலறை ஜன்னல் வழியாக ஒரு குருவி வந்து, ஐரோப்பாவின் நெல்லை முழுக்கத் தின்றுவிட்டுப் போனது. ஜன்னலுக்குக் கொக்கி இல்லாததன் விளைவு என்று நான் சொன்னேன். என் கணவர் அதைக் காதில் வாங்காமல், நோட்டில் 'இயற்கைச் சீற்றம்' என்று புதிதாக ஓர் அத்தியாயம் சேர்த்தார்.

எங்கள் மூத்தார் சாதுவான மனுஷர். ஆபீசில் யார் அதட்டினாலும் தலையை ஆட்டிவிட்டு வருபவர் என்று அக்கா சொல்லுவாள். அவர் கையில் ஒரு நாட்டைக் கொடுத்ததும் அவருக்குள்ளே இருந்த ராஜா எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, அவர் தன் நதியின் குறுக்கே ஒரு தீப்பெட்டியை வைத்தார். அது அணை. நதிக்குக் கீழ்க்கரையில் இருந்தது என் நாடு. ஒரே சுற்றில் என் ஜனத்தில் பதினோரு புளியங்கொட்டை செத்துப் போயிற்று. தலைவர் ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டார்.

"அக்கா, தண்ணி விடச் சொல்லுங்க," என்றேன்.

அக்கா திரும்பிப் பார்த்தாள். மூத்தார் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "அணை கட்டுறது எங்க உள்நாட்டு விவகாரம்னு சொல்லு," என்றார்.

அடுத்த சுற்றில் இன்னும் ஒன்பது. எனக்கு என்ன வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. கேவலம், புளியங்கொட்டைதான். ஆனால் அந்த ஜனத்தை நான் ஆறு வாரமாகச் சோறு போட்டுக் காப்பாற்றி வந்திருந்தேன். மூத்தாரின் முகத்தை நேராகப் பார்த்து, "என் ஜனம் சாவுது. தண்ணியை விடுங்க," என்றேன்.

நாலு வருஷத்தில் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது. அக்கா தூளியை ஆட்டுவதை நிறுத்திவிட்டாள்.

மூத்தார் தம்பியைப் பார்த்தார். "சபைத் தலைவர் என்ன சொல்றார்?"

"மூணாவது நோட்டுல இருக்கு, அண்ணே. நதி எல்லாருக்கும் பொது. தீப்பெட்டியை எடுக்கணும்."

"உன் பொண்டாட்டி கேட்டா எடுக்கணும்னு இருக்கா?"

"யார் கேட்டாலும் எடுக்கணும்."

"உன்னைத் தலைவரா உட்கார வெச்சது யாரு? யாரு ஓட்டுப் போட்டா?"

"வீட்டுக்கு மூத்தவர்னா உலகத்துக்கும் மூத்தவரா?" என்று என் கணவர் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. மூத்தார் எழுந்தார், வேட்டியை உதறினார், தீப்பெட்டியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நதி திறந்துவிட்டது. ஆனால் அதைப் பார்க்க யாருக்கும் மனசில்லை. அவர் முன்பாதிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அண்ணனும் தம்பியும் மூன்று வாரத்துக்குமேல் பேசிக்கொள்ளவில்லை. காலையில் ஒரே பஸ்ஸுக்குப் போகக் கூடாது என்று என் கணவர் முந்தின பஸ்ஸில் போனார். அண்ணனும் அதையே யோசித்து முந்தின பஸ்ஸுக்கு வந்திருந்தார். ஆளுக்கொரு மூலையில் நின்றுகொண்டு போனார்களாம். ரேடியோ அண்ணன் வீட்டில் இருந்தது. சாயங்காலம் செய்தி வாசிக்கும்போது என் கணவர் சுவரோரமாகப் போய் நின்று, எந்த நாடும் எந்த நாடும் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தது என்று காது கொடுத்துக் கேட்பார். உட்கார்ந்திருந்தால் அவருக்குச் சந்தோஷம். "பேசித் தீர்த்துக்க வேண்டியதுதான், என்ன பெரிய கௌரவம்," என்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

எனக்கும் மனசு சரியில்லை. அக்காவை வாசலில் பார்த்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் நாலு நாள் உள்ளேயே இருந்துவிட்டேன். ஐந்தாம் நாள் அவளே பின்கட்டுக்கு வந்தாள். "பேசினதுல தப்பு ஒண்ணும் இல்ல. எனக்கே தண்ணி விடலாம்னுதான் இருந்துது," என்றாள். அத்தோடு எங்களுக்குள் முடிந்தது.

இரண்டு ஆண்களும் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கூடத்தைப் பெருக்க வேண்டும் என்று, சண்டை நாளிலிருந்து யாரும் எடுக்காமல் கிடந்த அந்தப் படத்தை மடிக்கப் போனேன். அக்கா, "ஒரு ஆட்டம் போட்டுப் பார்க்கலாமா? நாம ரெண்டு பேர் மட்டும்," என்றாள். தலைவர் இல்லாத உலகம். உட்கார்ந்தோம். உலகத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம்.

முதல் சுற்றிலேயே அக்கா சொன்னாள்: "இந்த மிளகு எதுக்கு? ரெட்டிப்பாத் திங்குது. நீ எடுத்தா நானும் எடுத்துடறேன்."

எடுத்துவிட்டோம். ஒரு கிண்ணத்தில் போட்டோம். என் பக்கம் நெல் குறைந்தபோது அக்கா தன் பக்கத்திலிருந்து ஒரு பிடி அள்ளி வைத்தாள். அவளிடம் காடு குறைந்தது, நான் பழைய வளையல் ஒன்றை உடைத்துக் கொடுத்தேன். ஜனம் பெருகிக்கொண்டே போனபோது கொஞ்சம் யோசித்து, அடுத்த சுற்றுக்குப் போகாமல் அந்தச் சுற்றிலேயே நின்று ஊர்க்கதை பேசினோம். மூன்று சுற்று முடிந்தது. சண்டை இல்லை, பசி இல்லை, காடு கூடியிருந்தது. குழந்தை எழுந்து அழுததும் அக்கா போய்விட்டாள். உலக சமாதானத்துக்கு மொத்தம் முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதில் பாதி நேரம் எங்கள் நாத்தனாரைப் பற்றிப் பேசினோம்.

சாயங்காலம் என் கணவர் வந்து படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "இது யாரு ஆடினது?"

சொன்னேன்.

நோட்டுகளைக் கொண்டுவந்து குனிந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் எண்ணினார். அவருடைய முகம் சிவந்துகொண்டே வந்தது. உலகம் பிழைத்துவிட்டதே என்று ஒரு மனுஷர் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சட்டென்று முன்பாதிக் கதவைப் பார்த்து, "அண்ணே, இங்க கொஞ்சம் வந்து பாருங்க," என்று கூப்பிட்டார்.

மூத்தார் வந்தார். இரண்டு பேரும் முழங்கால் போட்டு உட்கார்ந்தார்கள்.

"ராணுவமே இல்லையேப்பா," என்றார் மூத்தார்.

"அதான் கேக்கறேன். ராணுவம் எங்க?"

"ரசத்துல," என்றேன். பொய்யில்லை. அரைத்து அரைமணி நேரமாகியிருந்தது.

"நெல்லைச் சும்மா தூக்கிக் குடுத்திருக்காங்க, அண்ணே. ஒப்பந்தம் எதுவும் போடல."

"சும்மாவா? அப்புறம் அந்த நாட்டுக்கு என்ன மரியாதை?"

"முதல் சுற்றுலயே சமாதானம்னா மீதி மூணு நோட்டு எதுக்கு?"

"செல்லாதுப்பா. இது ஆட்டமே இல்ல."

"செல்லாது," என்றார் தலைவரும். மூன்று வாரத்துக்கு அப்புறம் அவர்கள் முதன்முதலில் ஒத்துப்போன விஷயம் அதுதான். அன்றைக்கு மூத்தார் எங்கள் பக்கமே சாப்பிட்டார். ரசம் நன்றாக இருக்கிறது என்று என்னிடம் நேராகவே சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ள ஆரம்பித்தோம். அண்ணனும் தம்பியும் சேர்ந்து, பெண்கள் கூடிப் பேசி ராணுவத்தைக் கலைப்பதைத் தடை செய்து ஒரு புது விதி எழுதினார்கள். சுத்தப்பிரதி நான்தான் எடுத்தேன்.

அறுபதுகளின் ஆரம்பத்தில் மூத்தாருக்கு விழுப்புரத்துக்கு மாற்றலாயிற்று. உலகத்தில் இரண்டு பெரிய நாடுகள் காலியாகிவிட்டன. என் கணவர் மனம் தளரவில்லை. மெட்ராஸில் பரமபத அட்டையெல்லாம் அச்சடித்து விற்கும் ஒரு கம்பெனிக்கு எழுதிப் போட்டார். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. யோசனை பிரமாதம், இரண்டே இரண்டு மாற்றம் மட்டும் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஆட்டம் அரைமணி நேரத்தில் முடிய வேண்டும். கடைசியில் யாராவது ஒருவர் ஜெயிக்க வேண்டும்.

அவர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். பிறகு என்னைப் பேனா எடுத்து வரச் சொன்னார்.

"ஒத்துக்கிட்டா என்னங்க? ஊரெல்லாம் விளையாடும்," என்றேன். எனக்கு உண்மையிலேயே ஆசையாக இருந்தது. என் கையெழுத்தில் இருந்த நாலு நோட்டும் அச்சாகி வருமே என்று.

"ஒருத்தன் ஜெயிச்சா அது சமாதானம் இல்ல," என்றார். "தோத்தவன் அடுத்த ஆட்டத்துக்குக் காத்துக்கிட்டு இருப்பான்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன், ஒரு வார்த்தைகூட மாற்றாமல். நானே போய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

கம்பெனி அப்புறம் எழுதவில்லை. கடிதம் போட்ட அந்த வாரமே என் கணவர் ஐந்தாவது நோட்டு வாங்கி, இரண்டு துருவங்களுக்கும் விதிகள் எழுத ஆரம்பித்தார். அங்கே மனுஷர் யாரும் இல்லாததால் வேலை மளமளவென்று நடந்தது.