கேட்டுக்கு வெளியே எடுத்த போட்டோ

என் தங்கை லண்டனில் படித்த ஒரு வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் வெளியூர் பார்க்கப் போனாள். பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய பழைய பல்கலைக்கழக நகரம் அது. உலகம் முழுக்கத் தெரிந்த ஊர். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தப் பெயரை எழுதித்தான் எங்கள் வீட்டில் இவ்வளவும் ஆயிற்று. எழுதியவன் நான்.

நான் எட்டாவதோடு நின்றவன். தாராவி லேபர் கேம்ப் முனிசிபல் பள்ளியில் தமிழில் படித்தேன். அப்பா செத்ததும் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் சூரத்துக்குப் போனேன், சாயப்பட்டறை. பிறகு கோவாவில் ஹோட்டல் பாத்திரம், இரண்டு வருடம் லாரியில் கிளீனர். எந்த ஊரும் எனக்கு ஒத்துவரவில்லை, எந்த ஊருக்கும் நான் ஒத்துவரவில்லை. தங்கை லண்டன் போன வருடம் தாராவிக்குத் திரும்பி, பை தைக்கிற பட்டறை ஒன்றில் ஜிப் வைத்துக்கொண்டிருந்தேன். அம்மா மாட்டுங்காவில் இரண்டு வீடுகளில் சமையல் செய்தாள்.

'நாளைக்கு யூனிவர்சிட்டி பாக்கப் போறோம்' என்று தங்கை வெள்ளிக்கிழமை செய்தி அனுப்பியிருந்தாள். அதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் சயானில் படித்தாலும் செம்பூரில் படித்தாலும் காலேஜ்தான் வேறு, யூனிவர்சிட்டி ஒன்றுதான். மார்க்ஷீட் அதன் பெயரில்தான் வரும். வெளிநாட்டுக்குக் காகிதங்கள் வாங்க தங்கை கலினாவில் இருக்கிற யூனிவர்சிட்டி ஆபீசுக்கு அலைந்தபோது நானும் கூடப்போய் ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றிருக்கிறேன். அதேபோல அங்கேயும் அவளுடைய சின்னக் காலேஜுக்கு மேலே ஒரு பெரிய யூனிவர்சிட்டி இருக்கும், அதைத்தான் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை.

சனிக்கிழமை எங்களுக்கு மத்தியானம் மூன்று மணி இருக்கும். வீடியோவில் கூப்பிட்டாள். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றாள். கோதுமை மாவு நிறத்தில் கல் சுவர்கள். எங்கே பார்த்தாலும் சைக்கிள். ஒரு பெரிய மரக்கதவு, அதற்குள்ளேயே ஆள் குனிந்து போகிற மாதிரி ஒரு சின்னக் கதவு. அதன் பக்கத்தில் வட்டத் தொப்பி வைத்த ஒருவர் நின்றுகொண்டிருந்தார். சின்னக் கதவு வழியாகப் பச்சைப் புல்வெளி ஒன்று தெரிந்தது. அம்மாவுக்கு அந்தப் புல் பிடித்துப்போயிற்று. அதில் உட்கார்ந்து ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

"அதுல மிதிக்கக் கூடாதாம்மா. இங்க உள்ள வாத்தியாருங்க மட்டும்தான் நடக்கலாமாம்."

"என்ன ஊருட்டி அது. புல்லு மொளச்சா ஆடு மாடுகூட மேயுமே."

தங்கை சிரித்தாள். கூட வந்தவர்கள் டிக்கெட் எடுத்து உள்ளே போயிருந்தார்கள். அவள் போகவில்லை. கொண்டுபோன ரொட்டியை எதிர்ச்சுவரில் சாய்ந்து தின்றுகொண்டே பேசினாள். சொந்த யூனிவர்சிட்டிக்கு எதற்கு டிக்கெட் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. ஐடி கார்டு எடுத்துப் போகவில்லையா என்று கேட்டேன்.

"அரே ண்ணா, என் ஐடிக்கு இங்க எவன் கதவ தொறப்பான்" என்றாள்.

அதை நான் விளையாட்டுப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். நாலு மணி சுமாருக்கு ஒரு போட்டோ வந்தது. யாரோ போட்டுக் கழித்த கறுப்புக் கோட்டை வாங்கி உடுத்தியிருந்தாள், தோள் இரண்டும் இறங்கிக்கிடந்தன. தலைக்கு மேலே கல்லில் செதுக்கிய சிங்கம். பின்னால் அந்தப் பெரிய கதவு. முகத்தில் குளிர் தெரிந்தது.

திங்கட்கிழமை பட்டறையில் போட்டோவைக் காட்டினேன். எங்கள் முதலாளிதான் தெருச் சங்கத்துக்குத் தலைவர். எல்லாரும் அண்ணாச்சி என்போம். போனைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, பேனர் போட்டுவிடுவோம் என்றார். எங்கள் பக்கம் பத்தாம் வகுப்புப் பாஸ் பண்ணினாலே பேனர் கட்டுவார்கள், லண்டனில் படிக்கிறவளுக்குக் கட்டாமல் எப்படி? பேனர் அடிக்கிற கடையில், என்ன எழுத வேண்டும் என்று மேட்டர் கேட்டார்கள். ஒரு தாளில் தங்கை பெயரையும் தெரு பெயரையும் எழுதி, 'பல்கலைக்கழகத்தில் பயிலும்' என்பதற்கு முன்னால் அந்த ஊர்ப் பெயரை நானே எழுதிக் கொடுத்தேன்.

தொண்ணூறு அடி ரோடு முக்கில் பதினைந்து அடிக்கு ஏற்றினார்கள். மேலே மராத்தியில் வாழ்த்து, ஹார்திக் அபிநந்தன் என்று. அண்ணாச்சி முகம் பெரிதாக, தங்கை முகம் அதைவிடக் கொஞ்சம் சிறிதாக, கீழே சங்கத்துக்காரர்கள் முகங்கள் வரிசையாக. அம்மா வேலை முடிந்து வரும்போது தினமும் அந்த வழியாகவே வந்தாள். அது சுற்று வழி.

மாட்டுங்காவில் அம்மா சமைக்கிற வீட்டு மாமி பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தங்கையின் விண்ணப்பத்தைத் திருத்திக்கொடுத்ததே அவர்தான். அம்மா பேனரைப் போனில் காட்டியிருக்கிறாள். மாமி கோபப்படவில்லையாம். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அவ படிக்கறது இந்த யூனிவர்சிட்டி இல்லையே. இப்படி எழுதி வச்சா கொழந்தை பேரு கெட்டுப்போகாதோ" என்று மட்டும் கேட்டாராம். பிறகு அந்தப் படத்தைத் தங்கைக்கு அனுப்பிவிட்டார்.

தங்கை என்னைக் கூப்பிட்டாள். கத்தவில்லை.

"எங்க காலேஜு ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்கு மேல இருக்கு. ரெண்டு மாடி. லிஃப்ட் கெடையாது. அத நான் யார்ட்டயும் மறைக்கல. இப்ப மறச்சேன்னு ஆயிருச்சு. கூடப் படிச்ச பிள்ளைங்க குரூப்ல அந்த பேனரப் போட்டுச் சிரிக்கிதுங்க."

கலினா மாதிரி அங்கேயும் யூனிவர்சிட்டி ஒன்றுதான் என்று நினைத்துவிட்டதை நான் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை. மூன்று வாரத்தில் படிப்பு முடிந்து வருகிறாள். வரும்போது அந்தப் பேனர் அங்கே இருந்தால் தெருவுக்குள் கால் வைக்க மாட்டேன் என்றாள்.

அண்ணாச்சியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஜிப் எண்ணிக்கொண்டே கேட்டார். வார்டு எலக்‌ஷனுக்கு சீட் கேட்டுக்கொண்டிருந்த நேரம். தங்கைக்கு மேடை போட்டுச் சால்வை போர்த்த ஏற்பாடும் ஆகியிருந்தது.

"ஏல, இந்த ரோட்டுல போறவன் எவன் அங்க போயி விசாரிக்கப் போறான்? அதுல என் மூஞ்சியும் இருக்குலே. பிள்ள வந்து ஒண்ணும் பேச வேண்டாம், சால்வைய வாங்கிட்டு எறங்கட்டும்."

அம்மாவும் அதையேதான் சொன்னாள். மாட்டுங்காவில் தெரிந்தால் தெரியட்டும், தெருவில் ஒருத்தருக்கும் தெரியாதே, இன்னும் கொஞ்ச நாள் நிற்கட்டும் என்றாள். இருபது வருடமாக அந்தத் தெருவில் அவளை நின்று விசாரித்தவர்கள் இல்லை. இப்போது விசாரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏணி வாங்கிக்கொண்டு போய் ஏறினேன். பட்டறைக் கத்தியால் கயிறுகளை அறுத்தேன். கடைசிக் கயிறு அறுந்ததும் பேனர் மடிந்து, அண்ணாச்சி முகம் சாக்கடையில் விழுந்தது. உடம்பு லேசான மாதிரி இருந்தது. ஏன் அப்படி இருந்தது என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. கீழே பத்துப் பேர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் சட்டையைப் பிடித்து, ஏன் அறுத்தாய் என்று உலுக்கினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாளிலிருந்து பட்டறைக்கு வர வேண்டாம் என்றார்கள். அதற்குள் தெருவே காரணத்தையும் முடிவு செய்திருந்தது. எட்டாங்கிளாஸ்காரனுக்குத் தங்கச்சி மேல வயித்தெரிச்சல். டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் சூப்பர்மார்க்கெட்டைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்தேன். தங்கைக்காக ஒரு கெட்ட பெயரைச் சுமக்கிறேன் என்று எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வீடியோ லண்டனுக்கும் போயிருந்தது. தங்கை கூப்பிட்டபோது ஒரு நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"ஏன் அறுத்தன்னு கேட்டாங்கள்ல. என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

பின்னால் ஏதோ பஸ் போகிற சத்தம்.

"சொல்லியிருக்கணும்ணா. என் தங்கச்சி படிக்கிற எடம் இது இல்ல, வேறன்னு. அவ்வளவுதான். நீயும் அத வெக்கம்னுதான நெனைக்க."

போனை அவள்தான் வைத்தாள்.

சொன்ன தேதிக்கு வந்தாள். ஏர்போர்ட்டிலிருந்து நேராகச் செம்பூரில் ஒரு தோழி வீட்டுக்குப் போனாள். அம்மா மீன்குழம்பு எடுத்துக்கொண்டு இரண்டு முறை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தங்கை என்னை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. நான் போகவில்லை. ஒன்பது நாள் இருந்துவிட்டு, வேலை கிடைத்துப் பெங்களூருக்குப் போனாள். அம்மாவிடம் வாரம் ஒருமுறை பேசுகிறாள். போன் என் கைக்கு வருவதில்லை.

இப்போது யாராவது தங்கை எங்கே படித்தாள் என்று கேட்டால் நான் மறைப்பதில்லை. அந்தப் பெரிய யூனிவர்சிட்டி இல்லை, சூப்பர்மார்க்கெட்டுக்கு மேலே ஒரு காலேஜ், இரண்டு மாடி, ஏறித்தான் போக வேண்டும் என்று உள்ளதைச் சொல்கிறேன். கேட்டவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இன்னும் வயித்தெரிச்சல் அடங்கவில்லை என்கிறார்கள்.