ஆளுக்கொரு மேசை

சின்ன வயதில், பள்ளி விடுமுறை தொடங்கியதும் லண்டன் ஹரோவிலிருந்து காரில் புறப்பட்டு, கப்பலில் கடலைத் தாண்டி, பிரான்சில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விடுவோம். சின்னக் கிராமம். ஒரு தேவாலயம், ஒரு தபால்பெட்டி, வாரத்தில் இரண்டு நாள் மட்டும் திறக்கும் ஒற்றை அறை ஊராட்சி அலுவலகம். கடை கிடையாது. பிரான்சில் எவ்வளவு சிறிய ஊருக்கும் ஒரு மேயர் உண்டு. எங்கள் மேயர் மாடு வளர்ப்பவர். கையெழுத்து அவசரமென்றால் பெரியப்பா தொழுவத்துக்கே போய் வாங்கி வருவார்.

கோடையில் ஒருநாள் அந்த அலுவலகத்தின் முன்னால் நீள மேசை போட்டு ஊரே சேர்ந்து சாப்பிடும். முதல் வருடம் பெரியம்மா தயங்கித் தயங்கி, ஆட்டிறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரித்த றோல்ஸ் கொண்டுபோனாராம். உறைப்பில் மேயருக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டு இன்னொன்று எடுத்தார். அதற்குப் பிறகு றோல்ஸ் இல்லாமல் விருந்து நடந்ததில்லை. ரஸ்க் தூளில் புரட்டுவது என் வேலை.

இப்போது லண்டனிலேயே, பொதி விநியோகத்துக்கான முகவரித் தரவுகளைச் சரிபார்க்கிறேன். போன ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு காலை, பிரெஞ்சு முகவரி மாற்றங்களைத் திறந்தபோது பெரியம்மாவின் ஊர் அதில் இருந்தது. அயலிலுள்ள மூன்று கிராமங்களோடு சேர்ந்து ஒரே ஊராட்சி, புதுப் பெயர். பழைய பெயருக்கு ஒரு கட்டம் உண்டு, கட்டாயமில்லை. நிரப்பினேன். மதியம் பெரியம்மாவுக்கு போன் எடுத்தேன்.

“ஓம் பிள்ளை, தெரியும். பேர் போனாப் போகட்டும். மேசையை நினைச்சாத்தான்…” என்றார்.

இனி நான்கு ஊருக்கும் ஒரே விருந்து, பெரிய ஊரின் மண்டபத்தில். சமையலுக்கு ஒப்பந்தக்காரர், வீட்டிலிருந்து எதுவும் கொண்டுவரக் கூடாது. பின்னால் பெரியப்பாவின் குரல் கேட்டது: “நாட்டின்ர பிரசிடென்ட் மாறினாலும் இவவுக்குக் கவலையில்லை. றோல்ஸ் வைக்கிற இடம் மாறக் கூடாது.”

பெரியம்மா சிரிக்கவில்லை. பிரெஞ்சு சரியாக வராத அவர் ஊரோடு கதைத்துப் பழகியது அந்த மேசையில்தான்.

கோடை நெருங்கியபோது பழைய மேயர் பெரியம்மா வீட்டு வாசலுக்கு வந்து, இந்த வருடமும் பழைய இடத்தில் றோல்ஸ் உண்டா என்று கேட்டாராம். ஆனால் நீள மேசையும் உட்காரும் வாங்குகளும் புது ஊராட்சியின் சொத்தாகிவிட்டன, தொட ஏலாது. அப்படியென்றால் ஆளுக்கொரு மேசை கொண்டுவருவோம் என்று பெரியம்மாதான் தன் அரைகுறைப் பிரெஞ்சில் சொல்லியிருக்கிறார்.

நானும் போனேன். வழக்கம்போலப் பட்டியல் போட்டிருந்தேன்: பாஸ்போர்ட், சார்ஜர், தேயிலை, வெம்பிளியில் வாங்கிய மிளகாய்த்தூள். எல்லாவற்றுக்கும் சரி போட்டுவிட்டு, தூளை மட்டும் ஹரோவில் அடுப்படியிலேயே விட்டுவிட்டேன். பெரியம்மா வீட்டிலிருந்த கொஞ்ச மிளகை இடித்துச் சமாளித்தார்.

பூட்டிய அலுவலகத்தின் முன்னால் சமையலறை மேசைகள், தோட்டத்து மேசைகள், யாரோ ஒரு பிள்ளையின் படிப்பு மேசை எல்லாம் வரிசையாக நின்றன. உயரம் ஒத்துவரவில்லை, விரிப்பு ஏறி இறங்கிப் போனது. அடுத்த முறை காலுக்கு வைக்கக் கட்டைகள் வேண்டும் என்று போனில் குறித்துக்கொண்டேன்.

மேயர் முதல் றோல்ஸைக் கடித்தார். மெல்ல மென்றார். பிறகு கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

“இதில உறைப்பே இல்லையே, பிள்ளை,” என்றார் பெரியம்மா என்னிடம் மெதுவாக.