பஸ்ஸில் நின்றே வந்தவர்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். மொன்ட்ரியால் குளிர் எனக்கு ஆகாதென்று கடைசி மகன் ஒரு கிழமை மெக்சிகோ கடற்கரைக்குக் கூட்டிப்போனான்.

ஹோட்டல் சாப்பாட்டு மண்டபத்தில், தங்க பிரேம் கண்ணாடி போட்ட ஒரு தமிழர் எங்கள் மேசைக்கு வந்தார். அவரும் மொன்ட்ரியால்தான். கதைக்கும்போது மீசையைத் தடவிக்கொண்டே இருப்பார்.

"அம்மா, ஊரில எவடம்?"

சொன்னேன்.

"கோயிலுக்குக் கிழக்கையோ, மேற்கையோ?"

சாதி அறியத்தான் கேட்கிறார் என்று விளங்கியது. எனக்கென்ன ஒளிப்பு? "கிழக்கை" என்றேன்.

மீசையைத் தடவினார். மீன் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார்.

மறுநாள் பட்டணத்துக்குச் சாப்பிடப் போன பஸ்ஸில் மகன் முன் சீற்றில் இருந்தான். அந்த மீசைக்காரர் கடைசியாக ஏறியபோது என் பக்கத்து சீற் மட்டும்தான் காலி.

"இரும் தம்பி, நான் கடிக்கமாட்டன்."

"இல்லை, நிக்கிறன்."

ஒரு மணித்தியாலம் கம்பியைப் பிடித்தபடி நின்றார். ஹோட்டல்காரர் எனக்குக் கட்டிய அதே நீலப் பட்டி அவர் கையிலும் இருந்தது. வளைவுகளில் தள்ளாடினார். எனக்கு இரக்கம் வரவில்லை. அந்த மனிதருக்குக் கால் நோகவில்லையா என்றுதான் இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இதை எழுதி முடிக்க, பேத்தி வந்துவிட்டாள். "மோனை, நான் எழுதினதை ஒருக்கா வாசி. அவர் நிண்ட இடத்தை அவசரப்படாமல் ஆறுதலாய் வாசி."