மூலைக்கு மூலை இருபத்தேழு இன்ச்

கம்ப்யூட்டர் ஸ்கிரீன் விற்கிறவளுக்கு ஸ்கிரீனைவிட வாய் அகலமாக இருக்க வேண்டும். எனக்கு அது கிடையாது. படித்ததும் கொஞ்சம்தான். யாராவது கிட்டே வந்து "எது நல்லது?" என்று கேட்டால், தரையைப் பார்த்துக்கொண்டு பெட்டியைத் துடைப்பேன்.

பாயா ரும்புட் என்ற ஊரில் இருக்கிற எங்கள் கடையின் முதலாளியை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். மகளைத் தடிகா பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, பள்ளி விடும் நேரத்துக்கு நான் கிளம்பிவிடலாம் என்று ஒத்துக்கொண்ட கடை இது ஒன்றுதான். வேலை போனால் மறுபடியும் பேக்டரி ஷிப்ட், பிள்ளை அடுத்த வீட்டில். சேர்ந்த மூன்றாவது வாரம் பாய் கூப்பிட்டுச் சொன்னார்: "மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன் மா. வாயத் தொறக்கலன்னா என்னால ஒன்னும் செய்ய முடியாது."

என்னைப் போலக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கு இதெல்லாம் புதுசு இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

லைன் கிடைக்காத ஸ்கிரீன்

தோட்டத்து வீட்டிலிருந்து வந்த ஒரு அங்கிள் அகல ஸ்கிரீன் ஒன்று வாங்கிப் போனார். மாட்டிக் கொடுக்க ஆள் அனுப்புகிறோம் என்றதற்கு, "நானே பார்த்துக்குவேன் லா" என்றார். அன்றைக்கு மத்தியானம் போன் வந்தது. ஸ்கிரீனில் "நோ சிக்னல்" என்று வருகிறதாம். "பாய் வரட்டும் அங்கிள்" என்று வைத்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் மறுபடியும் போன். ஹாலில் கிடைக்கவில்லை, அடுப்படியில் கிடைக்கவில்லை, வாசலிலும் கிடைக்கவில்லை என்றார். மூன்றாவது தடவை அழைத்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. கம்ப்யூட்டரிலிருந்து ஸ்கிரீனுக்குப் போகும் வயரை மாட்டினாரா என்று மெதுவாகக் கேட்டேன். அந்த வயர் பெட்டியிலேயே சுருட்டின மாதிரி இருந்ததாம். அப்புறம் சொன்னார்: "அடடே, வயர்லயா மா சிக்னல் வருது? நான் எக்ஸ்டென்ஷன் போட்டு ரம்புத்தான் மரத்தடி வரைக்கும் தூக்கிட்டுப் போயிட்டேனே!"

பூசின முகம்

தங்கா பத்து என்கிற பக்கத்து ஊர் அக்கா ஒருவர் பழைய கம்ப்யூட்டரைக் கடைக்கே தூக்கி வந்து, புது ஸ்கிரீனை மாட்டித் தரச் சொன்னார். மாட்டினோம். திரை முழுக்க அவர் மகள் போட்டோ. பழைய சதுர ஸ்கிரீனுக்கு வைத்த அளவு அப்படியே இருந்ததால், பெண்ணின் முகம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு பூரி மாதிரி உப்பியிருந்தது.

பேசத்தானே பயம், கைக்கு என்ன பயம்? செட்டிங்கில் போய் அளவை மாற்றினேன். முகம் சரியாகிவிட்டது. பாய் பார்க்கிறாரா என்று திரும்பினேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அதற்குள் அக்கா என் கையைப் பிடித்துவிட்டார்: "ஐயோ, ஏன் மா மாத்துன? ஹாஸ்டலுக்குப் போயி எளச்சிட்டாளேன்னு நேத்துதான் அழுதேன், இப்பதான் கொஞ்சம் பூசின மாதிரி இருந்தா, பழையபடியே வச்சுக் குடு!"

மூன்றரை இன்ச் எங்கே?

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. கிளேபாங்கில் தையல் கடை வைத்திருக்கிற அக்கா ஒருவர், கழுத்தில் அளவு டேப்போடு உள்ளே வந்தார். வருகிறவர்களுக்கு ஜாக்கெட் கழுத்து டிசைன் காட்டப் போன வாரம் ஸ்கிரீன் வாங்கினவர். "அகலம் எவ்வளவு?" என்று அன்றைக்கு அவர் கேட்டதற்கு, பெட்டியைப் பார்த்து "இருபத்தேழு" என்று சொன்னது நான்தான். அந்த மாதம் யாராவது கேட்டவுடன் நான் பதில் சொன்னது அது ஒன்றுதான். அதுவும் தப்பு.

"அளந்து பார்த்தேன் பாய், இருபத்து மூன்றரைதான் இருக்கு. மிச்சம் மூன்றரை இன்ச் எங்க? உங்க கடைப் பொண்ணுதான் சொன்னா!" கடை நிறைய ஆள். பாய் என்னைத்தான் பார்த்தார். வாயைத் திறக்க வேண்டியது நான் என்று தெரிந்தது.

என் ஜாக்கெட்டை நானே தைக்கிறவள் நான். "அக்கா, கிராஸ் கட்டுக்குத் துணிய எப்படிப் பிடிப்பீங்க?" என்று கேட்டேன்.

"மூலைக்கு மூலை. அதுக்கென்ன?"

"ஸ்கிரீனையும் அப்படித்தான் அளப்பாங்க க்கா. அகலம்னு சொன்னது என் தப்பு."

அவர் கழுத்திலிருந்து டேப்பை உருவி, கடையில் இருந்த அதே அளவு ஸ்கிரீனில் கீழ் மூலையிலிருந்து எதிர் மேல் மூலைக்கு இழுத்தார். இருபத்தேழு. இன்னொரு தடவை இழுத்தார். அப்புறம் டேப்பைச் சுருட்டிக்கொண்டே பாயிடம் சொன்னார்: "இதென்ன பாய், இவ்ளோ பேசுற புள்ளைய வச்சுக்கிட்டு பெட்டியத் தொடைக்க விட்டிருக்கீங்க?"

மாசக் கடைசி தாண்டியும் அதே கடையில்தான் இருக்கிறேன், ஆனால் அளவு கேட்டால் மட்டும் வாயைத் திறப்பதற்கு முன்னால் டேப்பைத் திறந்துவிடுகிறேன்.