குடிக்காத குழி

கண்ணுக்கு எட்டாமல் போய்விட்ட அழுக்குக்கு ஒரு மனிதன் எவ்வளவு தூரம் பொறுப்பு? நீக்கிலாப்பிள்ளை இந்தக் கேள்வியை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டவரல்ல. அதிகம் கதைக்காத மனிதர். கதைத்தாலும் பாதி கடலைத் திட்டுவதாக இருக்கும்.

குருநகரில் வலை இழுத்தவர். தொண்ணூறாம் ஆண்டு ஷெல்லடிக்குப் பயந்து முப்பது குடும்பங்கள் அளவெட்டிக்கு வந்தபோது அவரும் மனைவி லூர்த்தம்மாவும் வந்தார்கள். பஞ்சலிங்கம் என்ற வெங்காயத் தோட்டக்காரர், வழுக்கையாற்றின் கரையில் கிடந்த தன் வெறுங்காணியைக் குடியிருக்கக் கொட்டில் போடக் கொடுத்தார். ஒரேயொரு நிபந்தனை.

"உங்கடை கக்கூசுத் தண்ணி ஆத்திலை விழக்கூடாது. விழுந்தால் அண்டைக்கே எல்லாரும் வெளிக்கிட வேணும்."

யாழ்ப்பாணத்தில் ஆறென்று சொல்ல அது ஒன்றுதான். அதுவும் மாரியில் மட்டும் ஓடும். அதனால்தானோ என்னவோ, பஞ்சலிங்கத்துக்கு அதன்மேல் அவ்வளவு பிடிப்பு.

குழி வெட்டும் பொறுப்பை நீக்கிலாப்பிள்ளை ஏற்றார். கடற்கரைக்காரருக்குத் தண்ணீரைக் குடிக்கும் குழிதான் நல்ல குழி. இதுவோ அளவுக்கு மிஞ்சிக் குடித்தது; காலையில் நிறைந்தால் மத்தியானம் வற்றியது.

"குடிவெறிகாரன் மாதிரிக் குடிக்குது" என்றான் பக்கத்துக் கொட்டில் அடைக்கலநாதன். எல்லாரும் சிரித்தார்கள்.

நீக்கிலாப்பிள்ளை சிரிக்கவில்லை. மணல் உறிஞ்சும்; இப்படி விழுங்காது. அடியில் சுண்ணாம்புக்கல். வெடிப்பு வழியே தண்ணீர் எங்கோ ஓடுகிறது. எங்கே?

கருவாட்டுக்கென்று கொண்டுவந்த ஒரு மூட்டை உப்பை, யாருக்கும் சொல்லாமல் குழியில் கொட்டினார். அடுத்த நாளிலிருந்து ஏதோ சாட்டில் பக்கத்திலிருந்த பஞ்சலிங்கம் வீட்டுக்குப் போய்க் குடிக்கக் கிணற்றுத் தண்ணீர் கேட்டார். பஞ்சலிங்கத்தின் மனைவி பாலேஸ்வரி செம்பில் கொடுத்தாள். மூன்றாம் நாள் தண்ணீர் கரித்தது.

"தேத்தண்ணியும் ஒரு மாதிரித்தான் இருக்கு" என்றாள் அவள். "தேயிலை பழசாக்கும்."

அன்று பின்னேரமே குழியை மூடினார். லூர்த்தம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார்.

"வாயைத் திறந்தியளோ, முப்பது குடும்பமும் றோட்டிலை" என்றாள் அவள். "நாலு பேரோடை போய்க் கிணத்தை இறைச்சுக் குடுங்கோ. காணி தந்ததுக்கு நன்றியெண்டு நினைப்பினம்."

அவள் யோசனையில் பிழை சொல்வதற்கில்லை. குழி மூடியாயிற்று. கிணறும் சுத்தமாகிவிடும். ஒருவருக்கும் தீங்கில்லை.

விடிந்ததும் வாளியும் கயிறுமாகப் போய் நின்றார்கள்.

"என்ன நீக்கிலாப்பிள்ளை, நன்றிக்கடனோ?" என்று பஞ்சலிங்கம் சிரித்தார்.

ஓம் என்ற ஒரு சொல் போதும்.

"இல்லை அண்ணை. எங்கடை குழித் தண்ணி உங்கடை கிணத்துக்கை வந்திட்டுது. உப்புப் போட்டுப் பாத்தனான். மூண்டாம் நாள் கரிச்சுது."

பஞ்சலிங்கத்தின் முகம் கறுத்தது. "மூண்டு நாளாய் எங்களுக்குக் கக்கூசுத் தண்ணி பருக்கிப்போட்டு, வந்து நிண்டு கதை சொல்லுறீரோ?"

நீக்கிலாப்பிள்ளை வாளியைக் கீழே வைத்தார்.

"நீரும் குடிச்சனீரெல்லோ?"

"ஓம். மூண்டு நாளும்."

பஞ்சலிங்கம் கயிற்றை வாங்கிக் கப்பியில் மாட்டினார். நாற்பது வாளி இறைத்தார். பிறகு, "குழிக்கு மெழுகக் களி என்ரை வயலிலை கிடக்கு. நாளைக்கு வண்டில் கட்டுறன்" என்றார்.

களிமண் மெழுகி மூன்று குழிகள் உருவாயின. முதலாவதில் கசடு படியும். இரண்டாவதில் தண்ணீர் வெயிலில் கிடக்கும். மூன்றாவதில் மணலும் கோரையும். அதைக் கடந்து தெளிந்த தண்ணீரைத்தான் பஞ்சலிங்கம் ஆற்றில் விட ஒத்துக்கொண்டார். பெரிய சாதனை என்று சொல்ல முடியாது, நல்ல வேலை. தொண்ணூற்றைந்தில் ஊரே இடம்பெயரும்வரை அங்கே ஒரு துளியும் கீழே இறங்கவில்லை. ஒருவரும் வெளிக்கிடவுமில்லை.

"இறைச்சதோடை முடிஞ்சிருக்கும். ஏன் சொன்னனீங்கள்?" என்று லூர்த்தம்மா ஒவ்வொரு மாரியிலும் கேட்டாள்.

அவர் தடியை எடுத்துக்கொண்டு கசட்டின் ஆழம் பார்க்கப் போய்விடுவார்.