டிப்பெட்டின் மலையில் தண்ணீர் இல்லை

நெவாடாவில் எங்கள் பக்கம் டிப்பெட்டைப் போலப் பெருந்தன்மையான ஆளைப் பார்க்க முடியாது. அடுத்தவர் தாகத்தில் அவர் தலையிட்டதே இல்லை. என் பண்ணைக்கும் அவருடையதற்கும் நடுவே பதினோரு மைல் புதர்க்காடு. அவருடைய மலையில் ஊற்று ஏதாவது உண்டா என்று கேட்டால், அப்பா காலத்திலேயே வற்றிவிட்டது என்பார். அவருடைய மாடுகள் காற்றைக் குடித்தே கொழுத்தன போலும். ஐம்பத்து மூன்றாம் வருடத்து வறட்சியில் என் மாடுகள் ஒன்பது அவருடைய வேலியோரம் நாக்குத் தள்ளிச் செத்தன. தொப்பியைக் கழற்றி அனுதாபம் தெரிவித்தார்.

இரண்டு வருடம் கழித்து வரைபடம் போடும் சர்வேக்காரர் ஜீப்பில் வந்தார். மலையின் உயரத்தை அவரே அளந்துகொள்வார். எந்த ஊற்று வருடம் முழுக்க ஓடும் என்பதைப் பண்ணைக்காரர்தான் சொல்ல வேண்டும். வரைபடத்தில் ஏறினால் வேட்டைக்காரர்களும் ஆட்டுக்காரர்களும் நானும் படையெடுத்து வருவோமே என்று டிப்பெட்டுக்குப் பயம். அறுபது மைல் தள்ளி டவுனிலிருந்து பீப்பாயில் தண்ணீர் கொண்டுவருவதாக அழாத குறையாகச் சொன்னார். பாவப்பட்டுப்போன சர்வேக்காரர், அந்தத் தண்ணீரில் போட்ட காப்பியை மூன்று கோப்பை குடித்துவிட்டுக் கிளம்பினார்.

வரைபடம் அச்சாகி வந்தது. என் சேற்றுக்குட்டைக்குக்கூட நீலப் புள்ளி வைத்திருந்தார்கள். டிப்பெட்டின் மலை மொட்டையாக இருந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை, கடை கடையாகக் கொண்டுபோய்க் காட்டினார்.

மறுவருடம் மேய்ச்சல் அலுவலகமும் அதே வரைபடத்தைத்தான் விரித்தது. சொந்தத் தண்ணீர் உள்ளவருக்குத்தான் அரசு நிலத்தில் மேய்ச்சல் அனுமதி, அதுதான் சட்டம். டிப்பெட் ஓடிப்போய், ஊற்று இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார். இன்றைக்குப் பார்த்து என்ன ஆகப்போகிறது, பல வருடமாக ஓடுகிறது என்று பக்கத்துப் பண்ணைக்காரரிடம் எழுதி வாங்கி வா என்று அனுப்பிவிட்டார்கள்.

பக்கத்துப் பண்ணை என்றால் நான்தான். அதுவரை என் பெயரைக்கூடச் சொல்லிக் கூப்பிடாதவர் வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, ஒரு கையெழுத்துதான். வருஷம் பூரா ஓடுதுன்னு எழுதிக் குடுத்தா போதும். இல்லேன்னா முந்நூறு மாட்டையும் வித்தாகணும்."

பாவமாகத்தான் இருந்தது. செத்த ஒன்பதும் நினைவுக்கு வந்ததால் அது ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

"எப்படிண்ணே எழுதறது?" என்றேன். "அது ஓடி நான் ஒரு நாளும் பாத்ததில்லையே. உள்ள விட்டாத்தானே பாக்கறதுக்கு."