வாத்தியார் வெளியே நின்ற திங்கட்கிழமை

கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த எனக்குப் போன வருடம் ஒரு மாணவி கிடைத்தார். நாகர்கோவிலுக்கு மாற்றலாகி வந்த வடநாட்டுப் பெண் அதிகாரி. அவர் கையெழுத்துப் போட்டால் ரோடு வரும், கடைக்குப் பூட்டு விழும். அவருக்கு நான் தமிழ் வாத்தியார்.

"எழுத்து தெரியும் சார். இந்த ஊர்க்காரங்க பேசுறது எனக்கு நேரா புரியணும்" என்றார் முதல் நாளே. என்னைவிட எவ்வளவோ மூத்தவர். ஒவ்வொரு வாக்கியத்தையும் தட்டுத்தடுமாறிக் கட்டுவார். எனக்குப் பொறுக்காது. பாதியில் பிடுங்கி நானே முடித்துவிடுவேன். அவர் கோபப்படாமல் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

மனு வாங்கும் ஒரு திங்கட்கிழமை, தான் திணறினால் மட்டும் உதவச் சொல்லி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். கோட்டாறு பக்கம் சந்தையில் மீன் விற்கும் அம்மா ஒருவர் வந்தார். கையில் மனு இல்லை.

"அம்மா, உங்களுக்கு அங்கே..." என்று அதிகாரி ஆரம்பித்தார்.

"என்ன பிரச்சினைன்னு கேக்காவ" என்றேன் நான்.

அந்த அம்மா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "சந்தைக்குக் காலத்த வந்தா அந்திவரைக்கும் இருக்கணும். எங்களுக்கு ஒரு எடம்..." என்று இழுத்தார்.

கடை போட இடம் கேட்கிறார் என்று ஆங்கிலத்தில் முடித்துவைத்தேன்.

"செரி, அப்பிடியே வச்சுக்கிடுங்க." அந்த அம்மா எழுந்துவிட்டார்.

அதிகாரி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "சார், நீங்க கொஞ்சம் வெளியே இருங்க." அதட்டல் இல்லை. அதட்டியிருக்கலாம்.

வராந்தாவில் நின்றேன். உள்ளே ஒரு கேள்வி, பெரிய மௌனம், மறுபடி அதே கேள்வி. மனுவோடு காத்திருந்த வரிசை முணுமுணுத்தது. "வாத்தியாரையே கிளாஸுக்கு வெளிய நிறுத்தியாச்சு" என்று அதிகாரியின் டிரைவர் அண்ணன் சிரித்தார்.

வெளியே வந்த அம்மா என் முன்னால் நின்றார்.

"ஏலே மக்கா, அங்க பொம்பளைக்கு ஒரு கக்கூஸு கெடையாது. அதுக்குப் பயந்து நாங்க தண்ணியே குடிக்கதில்ல. இத ஒனக்க மொகத்தப் பாத்து எப்பிடிடே சொல்லுவேன்? அந்தப் பிள்ளைட்ட சொல்லத்தானே வந்தேன். நீ வாயத் தொறக்க விட்டியா?"

வரிசை முழுக்கக் கேட்டது.

மறுநாள் பாடத்துக்கு அதிகாரி ஒரு சந்தேகத்தோடு வந்தார். "பெரியவங்ககிட்ட மறுபடி சொல்லச் சொல்லி மரியாதையா எப்படிக் கேக்கணும்? நேத்து திரும்பத் திரும்பக் கேட்டேன். பாவம், அவங்களுக்கு எவ்வளவு சிரமம்" என்றார்.

"இன்னொருக்கா சொல்லுங்கம்மா" என்று மேசையைப் பார்த்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன். அதை நான் யாரிடமும் கேட்டதே இல்லை.